ஒரு பல்பு மாற்ற ஒரு கம்ப்யூட்டரா?

கம்ப்யூட்டர் இதழில் கார் ஹெட்லைட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஹெட்லைட்டுக்குள் கம்ப்யூட்டர் புகுந்து பல வருடங்கள் ஆகிவிட்டன என்பதுதான் என் பதில். அது புகுந்ததால் வெளிச்சம் கூடியது, கரண்ட் செலவு குறைந்தது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த விளக்கு கெட்டுப் போகும் நாளில் கார்க்காரர் கையைப் பிசைந்து கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. மதர்போர்டிலேயே ராம் சால்டர் செய்யப்பட்ட லேப்டாப்பை வாங்கிவிட்டு, பின்னால் கூடுதல் ராம் போட முடியாமல் விழித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

முதலில் பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். எச்4 என்ற ஹாலஜன் பல்பு 1971 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். டிம் லைட்டுக்கு 55 வாட், பிரைட் லைட்டுக்கு 60 வாட். பின்னால் மூன்று பின் உள்ள கனெக்டர், ஒரு ரப்பர் மூடி, ஒரு ஸ்பிரிங் கிளிப், அவ்வளவுதான். பானட்டைத் திறந்து, கனெக்டரைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, கிளிப்பைத் தள்ளினால் பல்பு கையில் வந்துவிடும். புதிய பல்பின் கண்ணாடியை மட்டும் விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. நல்ல கம்பெனி பல்பே 200, 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சென்னை ஜி.பி. ரோட்டில்தான் கிடைக்கும் என்பதில்லை, நெடுஞ்சாலை ஓரத்து ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கும். அதே பல்பு பக்கத்து வீட்டு வேனுக்கும் பொருந்தும், எதிர் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

அதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது. இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அமெரிக்காவில் 1940 முதல் 'சீல்டு பீம்' என்ற விளக்குதான் கார்களில் பொருத்தப்பட வேண்டும் என்று விதி வந்தது. இழை, பிரதிபலிப்பான், முன் கண்ணாடி மூன்றும் சேர்த்து மூடப்பட்ட ஒரே துண்டு. 7 அங்குல வட்டம். இழை அறுந்தால் முழு விளக்கையும் தூக்கி எறிய வேண்டும். கேட்பதற்கு இன்றைய 'முழு அசெம்பிளியையும் மாற்றணும் சார்' போலவே இருக்கிறது அல்லவா? ஆனால் அதற்காக யாரும் அழவில்லை. காரணம், எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் அதே 7 அங்குலம். பல கம்பெனிகள் போட்டி போட்டுக் கொண்டு தயாரித்தன. எந்தக் கடையிலும் கிடைத்தது. நம் ஊர் அம்பாசடரின் வட்டக் கண்களும் அந்த 7 அங்குலம்தான்.

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டால் அதைத் திறந்து உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரை யாரும் தேடுவதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதிது ஒன்றை வாங்கி மாட்டி விடுகிறோம். ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு 1995-ல் வந்ததால் ஸ்குரு ஓட்டைகள் கூட சரியாக வந்து உட்காருகின்றன. மூடிய பெட்டியாக இருப்பது பிரச்சினை இல்லை. அந்தப் பெட்டி ஒருவரிடம் மட்டுமே கிடைப்பதுதான் பிரச்சினை. கார் விளக்கிலும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

அமெரிக்காவில் 1983-ல் விதி தளர்ந்தது. பல்பை மட்டும் மாற்றக் கூடிய, காருக்குக் கார் வடிவம் மாறும் ஹெட்லைட்டுகளுக்கு அனுமதி கிடைத்தது. 1984 மாடல் லிங்கன் மார்க் 7 அப்படி வந்த முதல் அமெரிக்கக் கார். ஐரோப்பாவில் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. வெளிப்புற வடிவம் அவரவர் இஷ்டம், உள்ளே இருக்கும் பல்பு மட்டும் பொது அளவு என்ற அந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. ஷோரூமில் காரின் 'முகம்' விற்பனைப் பொருளாக மாறும் வரை.

முகத்துக்குக் கண் முக்கியம். எனவே ஹெட்லைட் ஒடுங்கியது, நீண்டது, பக்கவாட்டில் வளைந்து மட்கார்டு வரை ஓடியது. அதன் பின்னால் இருந்த இடத்தில் பேட்டரி, ஏர் பில்டர் பெட்டி, வாஷர் தண்ணீர் டேங்க் என்று ஒவ்வொன்றாக வந்து அடைந்தன. என் காரில் எச்7 பல்புகள். பல்பு என்னவோ பொது அளவுதான், கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் இடது பக்க பல்புக்குப் போகும் வழியில் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றாமல் உள்ளங்கை நுழையாது. கழற்றினால் ரேடியோ தன் ரகசிய எண்ணைக் கேட்கிறது, கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகிறது, டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரே தட்டலில் மேலேறும் வித்தையை மறந்துவிடுகிறது. எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். மின்சாரம் போய் வந்த பின் பயாஸ் செட்டிங் அழிந்து, தேதியைக் கேட்டுக் கொண்டு நிற்குமே பழைய கம்ப்யூட்டர், அதே கதைதான். ஒர்க்ஷாப்பில் கொடுத்தால் பல்பு விலையைப் போல இரண்டு மடங்கு கூலி கேட்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வேலை அப்படி. சில மாடல்களில் சக்கரத்தைத் திருப்பி உள் மட்கார்டு பிளாஸ்டிக்கைக் கழற்றிக் கை விட வேண்டும். இன்னும் சிலவற்றில் முன் பம்பரையே இறக்க வேண்டும். ஒரு பல்புக்காக!

இதுவரை சொன்னது ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் ஜெயிக்கக் கூடிய பிரச்சினை. அடுத்து வந்ததுதான் கம்ப்யூட்டர்.

1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் செனான் விளக்கு வந்தது. அதில் இழை கிடையாது. வாயுவுக்குள் மின்பொறி பாய்ச்சி எரிய வைக்க 20,000 வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். அதற்கென்று 'பேலஸ்ட்' என்ற மின்னணுப் பெட்டி. அப்போதே 'தெரியாமல் கை வைக்காதீர்கள்' என்ற எச்சரிக்கை ஒட்டப்பட்டது, அது நியாயமான எச்சரிக்கைதான். 2007-ல் லெக்சஸ் எல்எஸ் 600எச் காரின் டிம் லைட் எல்இடி ஆனது. 2008-ல் ஆடி ஆர்8 காரில் எல்லா முன் விளக்குகளையும் எல்இடியாக வாங்க முடிந்தது. அன்றைக்குக் கோடீஸ்வரர்கள் சமாசாரமாக இருந்தது இன்றைக்கு நம் தெருவில் நிற்கும் சின்ன கார்களிலும் வந்துவிட்டது.

இப்போது ஹெட்லைட் சுவிட்சைத் திருகினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுவிட்சில் இருந்து விளக்குக்கு நேராக ஒயர் போவதில்லை. பல கார்களில் சுவிட்ச் ஒரு வேண்டுகோளை மட்டும் அனுப்புகிறது. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கொள்ள கேன் என்றொரு நெட்ஒர்க் உண்டு. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியது. அதன் வழியாக 'பாடி கண்ட்ரோல் மாட்யூல்' என்ற பெட்டிக்குச் செய்தி போகிறது. அதுதான் விளக்குக்கு மின்சாரம் தருகிறது. அதையும் தொடர்ச்சியாகத் தராமல், விநாடிக்குப் பல முறை ஆன், ஆப் செய்து வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற கார்கள் உண்டு. விளக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்றும் கண்காணிக்கிறது. குறைந்தால் 'பல்பு பழுது' என்று டேஷ்போர்டில் அறிவிக்கிறது. எதிரே வரும் வண்டியின் கண் கூசாமல் தானே வெளிச்சத்தைக் குறைக்கும் உயர்ரக விளக்குகளில் விளக்குக்குள்ளேயே தனி போர்டு இருக்கும். புதிய விளக்கை மாட்டினால் மட்டும் போதாது. கம்பெனியின் சாப்ட்வேரை இணைத்து, 'இது உன்னுடைய விளக்குதான்' என்று காருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். பிரிண்டர் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்து, 'இது எங்கள் மை இல்லை' என்று அச்சடிக்க மறுப்பார்களே, அது ஞாபகம் வருகிறதா?

என் மைத்துனரின் கார் ஆறு வயதானது. கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு நாள் வலது பக்க எல்இடி டிம் லைட் எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் டயக்னாஸ்டிக் மாட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் போர்டு போயிருக்கு சார், தனியா வராது, முழு அசெம்பிளிதான்" என்றார்கள். எஸ்டிமேட் 31,000 ரூபாய், ஒரு பக்கத்துக்கு மட்டும். பழைய விளக்கு கொஞ்சம் மங்கிப் போயிருப்பதால் ஜோடியாக மாற்றினால் பார்க்க நன்றாக இருக்கும் என்ற ஆலோசனை இலவசம். ஆர்டர் போட்டால் 10 நாள். நான் கூடப் போயிருந்தேன். "எல்இடி நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "அது நல்லாத்தான் சார் இருக்கு, அதுக்குக் கரண்ட் தர்ற போர்டுதான் போச்சு" என்றார் அந்த இளைஞர், கொஞ்சம் சங்கடத்தோடு.

எல்இடி விளக்கு காரின் ஆயுள் முழுக்க வரும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் உள்ள சூட்சுமம் இதுதான். ஹாலஜன் பல்புக்குச் சில நூறு மணி நேர ஆயுள். எல்இடி சிப்புக்குப் பல ஆயிரம் மணி நேரம். உண்மை. ஆனால் விளக்கு என்பது சிப் மட்டுமல்ல. டிரைவர் சர்க்கியூட் இருக்கிறது, சூட்டை வெளியேற்றும் உலோகப் பட்டை இருக்கிறது, சிலவற்றில் சிறிய விசிறியும் இருக்கிறது, மழைத் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் இருக்கிறது. பானட்டுக்கு அடியில் இருக்கும் சூட்டில் ஒரு கெப்பாசிட்டர் போனாலும் அத்தனையும் இருட்டுதான். வீட்டில் எல்இடி பல்பு வாங்கியவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். பெரும்பாலும் போவது எல்இடி அல்ல, அடியில் உள்ள சர்க்கியூட்தான்.

கடைசியில் மைத்துனர், விளக்கைச் சூடேற்றிப் பசையை இளக்கித் திறந்து பழுது பார்க்கும் ஒருவரிடம் புதுப்பேட்டையில் கொடுத்தார். பழைய விளக்கில் இருந்து எடுத்த போர்டு ஒன்றை மாட்டிக் கொடுத்தார். 4,500 ரூபாய். எரிகிறது. ஆனால் கம்பெனி ஒட்டிய சீல் மாதிரி வருமா? அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. அது இன்னும் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று அவருக்கும் தெரியாது, சரிசெய்தவருக்கும் தெரியாது. அந்த போர்டை 3,000 ரூபாய்க்குக் கம்பெனியே தனியாக விற்றிருந்தால் இந்தக் கூத்துக்கு அவசியமே இல்லை. முடியாத காரியமும் இல்லை. விளக்கின் பின்புறம் நான்கு ஸ்குரு கழற்றினால் கையில் வரும்படி டிரைவர் மாட்யூலை வைத்துத் தனியாக விற்கிற கார்களும் இருக்கின்றன.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். தானாகக் கெட்டுப் போன விளக்குக்கு வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் தராது. மின், இயந்திரப் பழுது அதில் சேராது. விபத்தில் உடைந்தால் தருவார்கள். ஆனால் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துக் கொள்வார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. இன்றைய ஹெட்லைட்டின் முன்புறம் பார்க்கத்தான் கண்ணாடி. உண்மையில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 'ஜீரோ டெப்ரிசியேஷன்' என்ற கூடுதல் பாலிசி எடுக்காதவர்கள் பாதி விலையைத் தங்கள் பையில் இருந்துதான் தர வேண்டியிருக்கும்.

பணம் மட்டும் போவதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 300 ரூபாய் பல்பு போனால் அன்றே மாற்றி விடுவோம். 31,000 ரூபாய் என்றால் அடுத்த மாதம், தீபாவளி போனஸ், அடுத்த சர்வீஸ் என்று தள்ளிப் போடுவோம். அதுவரை கார் ஒற்றைக் கண்ணோடு ஓடும். நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். எதிரே வருகிற காரின் வலது விளக்குதான் நமக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கு. அது எரியாவிட்டால், சற்றுத் தள்ளி ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது என்று நினைத்து நாம் நடுக்கோட்டை நெருங்கிப் போவோம். இருட்டில் மறைந்திருக்கும் அந்தப் பாதிக் கார் நம் எதிரே இருக்கும். தெருவிளக்கு இல்லாத இருவழிச் சாலையில் இரவில் ஓட்டியவர்களுக்கு இந்தத் திகில் தெரியும். சட்டப்படி இரண்டும் எரிய வேண்டும்தான். சட்டம் சொல்கிறது, எஸ்டிமேட் தடுக்கிறது.

இந்த இடத்தில்தான் 'எல்இடி கன்வர்ஷன்' வியாபாரிகள் வருகிறார்கள். ஹாலஜன் பல்பு அடிக்கடி போகிறதா, அதே ஓட்டையில் இந்த எல்இடி பல்பை மாட்டுங்கள் என்கிறார்கள். என் கருத்தைச் சொல்லி விடுகிறேன்: பெரும்பாலானவை வேண்டாம். ஹாலஜன் ஹெட்லைட்டின் பிரதிபலிப்பான், இழை இருக்கும் துல்லியமான இடத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. எல்இடி சிப்புகள் அந்த இடத்தில், அந்த அளவில் இல்லையென்றால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஜெர்மனியிலேயே 2020-ல்தான், குறிப்பிட்ட பல்பை, குறிப்பிட்ட கார் மாடல்களில் மட்டும், பரிசோதித்த பிறகு அனுமதித்தார்கள். இன்னொரு வேடிக்கை. எல்இடி குறைவாகக் கரண்ட் இழுப்பதால் காரின் கம்ப்யூட்டர் 'பல்பு பழுது' என்று கத்தும். அதை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டரை இணைத்து, மிச்சமான கரண்டைச் சூடாக வீணடிக்கச் சொல்வார்கள். மிச்சம் பிடிக்க வாங்கிய பொருளுக்கு வீணடிக்க ஒரு பொருள்!

விதிகள் என்ன சொல்கின்றன? ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 48-ஆம் எண் வாகன விளக்கு விதியில் ஒரு நல்ல பிரிவு உண்டு. இழை பல்பு உள்ள விளக்கென்றால், காரோடு தரப்படும் கருவிகளைத் தவிர வேறு விசேஷக் கருவி இல்லாமல் பல்பை மாற்ற முடிய வேண்டும். எப்படி மாற்றுவது என்று விளக்கமும் தர வேண்டும். ஆனால் மாற்றவே முடியாத ஒளிமூலம் என்று அனுமதி பெற்ற விளக்குகளுக்கும், செனானுக்கும் விலக்கு. மாற்றக் கூடிய பல்பு வைத்தால் விதி, மாற்றவே முடியாதபடி செய்துவிட்டால் விதி இல்லை. எல்இடி பெருகப் பெருக அந்தப் பிரிவு ஏட்டளவில் நின்று போகிறது. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் போன், லேப்டாப் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். பேட்டரிக்கு முடிகிறது, இரவில் உயிர் காக்கும் விளக்குக்கு முடியாதா?

நம் நாட்டிலும் இது பேசப்படாத விஷயம் இல்லை. உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் தடுக்கிறார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரில் ஒரு இணையத்தளமும் தொடங்கியது. அது எடுத்துக் கொண்ட நான்கு துறைகளில் மொபைல் போனும் உண்டு, வாகனங்களும் உண்டு. தளத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. ஆனால் டோல் ப்ரீ எண்ணும் வாரண்டி விவரமும் இருந்தால் மட்டும் போர்டு தனியாகக் கிடைத்துவிடாது. விளக்குக்குள் இருக்கும் டிரைவர் போர்டைத் தனி உதிரிபாகமாக விற்க வேண்டும், விளக்கைக் காருக்கு அறிமுகப்படுத்தும் சாப்ட்வேர் நியாயமான விலையில் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டையும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. விளக்கின் வெளி வடிவத்தை அவரவர் இஷ்டப்படி வளைத்துக் கொள்ளட்டும்.

அதுவரை, புதிய கார் வாங்கப் போகிறவர்கள் சன்ரூப் எத்தனை அங்குலம் திறக்கும் என்று கேட்பதற்கு முன், ஒரு பக்க ஹெட்லைட் அசெம்பிளியின் விலை என்ன என்று கேளுங்கள். டிரைவர் போர்டு தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் உதிரிபாக விலையை இணையத்திலேயே போட்டிருக்கின்றன, வீட்டில் இருந்தே பார்த்துவிடலாம். ஹாலஜன் மாடல் என்றால் டெஸ்ட் டிரைவ் அன்று பானட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் விளக்கின் பின்னால் உங்கள் கை போகிறதா என்று விட்டுப் பாருங்கள். போன மாதம் ஒரு ஷோரூமில் நான் அப்படிச் செய்தபோது விற்பனைப் பிரிவு இளைஞர் ஓடி வந்து, "என்ன சார் தேடறீங்க?" என்றார். சொன்னேன். விளக்கின் விலையைத் தன் டேப்லெட்டில் தேடினார், கிடைக்கவில்லை. சர்வீஸ் பிரிவுக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் கழித்து ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொண்டு வந்து, கொடுப்பதற்கு முன் தானே ஒரு முறை படித்துப் பார்த்துக் கொண்டார்.